நான்காவது ஸ்லீவ்

எங்கள் வீட்டு ஃப்ரீசரிலிருந்த கறியை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒருமுறை கார் இன்ஜினின் சாமான்களை வைத்தார்கள். மறுநாள் அத்தாவின் பேக்கரி அடுப்பில், பன் வேக வேண்டிய இடத்தில், அந்த இன்ஜினையே வைத்துச் சுட்டார்கள். எட்டு வயதில் இதைப் பார்த்த எனக்கு, வீட்டுப் பெரியவர்களுக்கு மொத்தமாக ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது.

கார், வாடகைக்கு ஓட்டலாம் என்று அத்தா பழையதாக வாங்கியது. ஒட்டன்சத்திரம் போய்த் திரும்புவதற்குள் ஒரு டப்பா ஆயிலைக் குடித்துவிட்டு, பின்னால் நீலமாகப் புகையைத் தள்ளும். லேத் பட்டறைக்காரர் இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, பிஸ்டன் ஏறி இறங்கும் நாலு துளைகளும் தேய்ந்து அகன்றுவிட்டன என்றார். அந்தத் துளைகள் உள்ள இன்ஜின் உடம்பு, அதாவது பிளாக், அலுமினியம். உள்ளே இருந்த பழைய இரும்பு உறைகளைக் கடைந்து எடுத்துவிட்டுப் புதிது இறக்க வேண்டுமாம். அந்த உறைக்குத்தான் ஸ்லீவ் என்று பெயர். அது துளையைவிட ஒரு மயிரிழை அளவு கூடுதல் பருமனாக இருக்கும். பிளாக்கைச் சுட வைத்தால் துளை விரியும், ஸ்லீவைக் குளிர வைத்தால் அது சுருங்கும், இரண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று விளக்கினார். பருமனாக இருந்தால் தேய்த்துச் சின்னதாக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். அத்தா என்னை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னார்.

அந்தக் காரை நம்பி இருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. செல்போன் கடை, தோல் கிடங்கு, பிரியாணிக் கடை என்று எங்கு சேர்ந்தாலும் ஒரு மாதம் தாண்டாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவார். போகிற வழியில் டீக்கடையைப் பார்த்தால் அவருடைய கால் நகராது, அவ்வளவுதான் குறை. மற்றபடி தங்கமானவர். முந்தின மாதம் நான் அத்தாவின் போனைத் தண்ணீர் வாளியில் போட்டதற்கு விழுந்த அடியில் பாதியைக் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டவர் அவர்தான். காருக்கு வேறு டிரைவர் போடுவதாக இருந்தார் அத்தா. அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார்.

"ஸ்லீவக் குளிரு போகாமக் கொண்டு வந்து சேக்குறது உன் பொறுப்பு மாப்ள. இந்த ஒரு வேலைய ஒழுங்காச் செஞ்சிட்டா வண்டிச் சாவி உன் கையில."

மாமா நாலு ஸ்லீவையும் தனித்தனியாக பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் அடுக்கினார். யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று எல்லோரிடமும் ஒரு முறை சொன்னார், என்னிடம் மட்டும் இரண்டு முறை. அந்த இரண்டாவது முறை சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த ஞாபகமே வந்திருக்காது.

மறுநாள் பள்ளி விடுமுறை. காலையில் ரோஸ் மில்க் கலந்தேன். அதை ஐஸாக்கித் தின்ன ஆசை. ஃப்ரீசரில் ஒரு டம்ளர் வைக்கக்கூட இடமில்லை. ஒரு ஸ்லீவை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, அதன் இடத்தில் டம்ளரை வைத்தேன். மத்தியானம் மாமாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டம்ளரை எடுத்துப் பாதி உறைந்ததை அவசரமாகத் தின்றுவிட்டு, ஸ்லீவை இருந்த இடத்திலேயே வைத்தேன். பையில் கொஞ்சம் சிந்திவிட்டது. அதையும் பாவாடையால் துடைத்துவிட்டேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தாகிவிட்டதால், என்னைப் பொறுத்தவரை ஒரு தப்பும் நடக்கவில்லை.

மாமா கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு நாலையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றினார். பெட்டியைப் பிடித்துக்கொள்ள என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். பேகம்பூர் வீட்டிலிருந்து பேக்கரி வரை ஸ்கூட்டர் பறந்தது. வழக்கமான டீக்கடையில் அவருடைய கூட்டாளிகள் கைதட்டிக் கூப்பிட்டார்கள். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேக்கரியில் சாக்குத் துணியால் பிடித்து பிளாக்கை அடுப்பிலிருந்து இறக்கினார்கள். முதல் ஸ்லீவ் கிணற்றில் வாளி இறங்குவது போல இறங்கியது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவது பாதியில் நின்றுவிட்டது. பட்டறைக்காரர் மரக்கட்டையை வைத்துத் தட்டினார். அசையவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிளாக்கில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"இது குளுந்த சாமானே இல்லையே பாய்," என்றார் பட்டறைக்காரர்.

மாமா தரையில் கிடந்த காலிப் பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. பிறகு என் வாயைப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று தெரியாமல் நான் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டேன். அவர் பையைக் கசக்கிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"வழியில டீ குடிக்கச் செத்த நேரம் நின்னேன் மச்சான். பெட்டி மூடி திறந்து கெடந்திருக்கு. மேல இருந்தது இதுதான்."

"இல்லத்தா, மாமா எங்கயும் நிக்கவே இல்ல. நேரா வந்தோம்," என்றேன். உண்மையைச் சொல்ல எனக்குப் பயமே இல்லை.

"அவ தூங்கிட்டா மச்சான்," என்றார் மாமா.

நடு மத்தியானத்தில், ஓடுகிற ஸ்கூட்டரில், ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் தூங்கினேனாம். அதை அத்தா நம்பினார். மாமாவும் டீக்கடையும் சம்பந்தப்பட்ட எதையும் அவர் நம்புவார். திட்டவில்லை, கையையும் ஓங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். மாமா அந்த டிராயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான்கு நாள் கழித்து மாமா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினார். அந்த நான்கு நாளும் நான் அவரோடு பேசவில்லை. பொய் சொன்னதோடு நில்லாமல் என்னையும் பொய்க்காரி ஆக்கிவிட்டார் என்று கோபம். அம்மா என்னையும் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமா பஸ்ஸில் பையைப் போட்டுவிட்டு இறங்கிப் போய், ஒரு பாட்டில் ரோஸ் மில்க் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

"பாப்பா, இத ஃப்ரீசர்ல வைக்காத. இப்பவே குடிச்சிரு."

பஸ் கிளம்பியதும் குடித்தேன். பொய்க்காரர் வாங்கித் தந்ததாக இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் ரோஸ் மில்க்கை ஃப்ரீசரில் வைத்தது மாமாவுக்கு எப்படித் தெரிந்தது என்று வீடு வரை யோசித்தும் பிடிபடவில்லை. அம்மாவிடம் கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார். சரி, அவர் ஏன் அழுகிறார் என்பதையும் சேர்த்து மாமா அடுத்த முறை வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று, பாட்டிலின் அடியில் மிச்சமிருந்ததை அண்ணாந்து குடித்தேன்.