ஜஸீலா வேண்டாமென்ற லென்ஸ்

ஜஸீலாவின் பழைய கேமரா லென்ஸ் ஒரு வெள்ளிக்கிழமை, வளையம் முப்பத்தைந்து என்ற எண்ணில் இருக்கும்போது, இறுகி நின்றது. அதோடு சரி. அந்தப் பக்கமும் திரும்பவில்லை, இந்தப் பக்கமும் திரும்பவில்லை. பழவேற்காட்டுக் காற்றில் உப்பும் மணலும் எந்நேரமும் உண்டு. இரண்டையும் பன்னிரண்டு வருஷம் தின்ற பொருள் அது. போதாக்குறைக்கு, ஒரு மழைக்காலத்தில் பசியாவரத்துக்குப் படகில் போனபோது நனைந்துவிட்டதென்று அதை அரிசி டிரம்முக்குள் ஒரு வாரம் புதைத்து வைத்தாள். ஈரம் போனது. தவிட்டுத் தூள் உள்ளே போனது. சென்னையில் பழுது பார்க்கிறவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, லென்ஸா, அரிசி மில்லா?" என்று கேட்டார். அன்றைக்கு எப்படியோ துடைத்துக் கொடுத்தார். இந்தத் தடவை கையை விரித்துவிட்டார்.

லென்ஸ் போனால் ஜஸீலாவுக்குப் பிழைப்பு இல்லை. ஊரில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு, நடுவே ஒரு திரை. ஆண்கள் பக்கம் படமெடுக்க யாரும் வரலாம். திரைக்கு இந்தப் பக்கம் வர முன்பெல்லாம் ஆளே கிடையாது. தன் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லாத பெண்கள் அந்தத் தெருக்களில் எத்தனையோ பேர். ஜஸீலாவே அவர்களில் ஒருத்தி.

அவள் புருஷன் சுஹைல் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிறந்த குழந்தையைப் படமெடுக்க ஒரு கேமரா வாங்கினான். பதினெட்டு–ஐம்பத்தைந்து என்று எழுதியிருந்த லென்ஸ் அதோடு வந்தது. குழந்தையை எடுத்து எடுத்து ஜஸீலாவுக்குக் கை பழகியது. ஒரு நாள் சுராயா மாமி வீட்டில் நாத்தனார் கல்யாணம். பக்கத்து வீடுதானே என்று கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பெண்கள் எல்லோரும் சட்டென்று முக்காட்டை இழுத்துக்கொண்டு சுராயாவைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் எதற்கும் சுராயாவைத்தான் பார்ப்பார்கள்.

சுராயா ஜஸீலாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"எடுக்கறியா? எடு. ஆனா ஒளிஞ்சுக்கினு எடுக்காத. எடுக்கறப்போ முன்னால வந்து நின்னு, எடுக்கட்டுமானு கேட்டு எடு. எடுத்தத போறதுக்கு முன்ன எல்லாருக்கும் காட்டு. அவங்க வேணாம்னா அவங்க கண்ணு முன்னால அழிச்சிடு."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். எழுதி வைக்காத சட்டம் என்பதால் யாரும் மீறவில்லை.

பழைய லென்ஸும் அந்தச் சட்டத்துக்கென்றே செய்தது போல இருந்தது. வளையத்தைப் பதினெட்டில் வைத்தால் கூடம் முழுக்க வரும். இருபத்து நாலில் மணப்பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்த நாலு பேரும். ஐம்பத்தைந்தில் இரண்டு பேர் தோளோடு தோள். அதற்கு மேல் அது போகாது. ஒரு முகம் மட்டும் வேண்டுமென்றால் எழுந்து நடக்க வேண்டும். பாயில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டி, தட்டை மிதிக்காமல், யார் மடியிலோ தூங்கும் பிள்ளையின் காலை மிதிக்காமல் போய், குனிந்து, "மாமி, எடுக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். மாமி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்குவாள், முக்காட்டைச் சரி செய்வாள், "இரு, மூக்குத்தி நேரா கீதானு பாரு" என்பாள். பக்கத்தில் இருப்பவள் கிண்டல் பண்ணுவாள். மாமிக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில்தான் ஜஸீலா அழுத்துவாள்.

பன்னிரண்டு வருஷப் படங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தால் எல்லா முகத்திலும் அதே சிரிப்பு இருக்கும். இப்போது உயிரோடு இல்லாதவர்கள் முகத்திலும் இருக்கும். சிங்கப்பூருக்குப் போய்விட்ட மகள்கள், தாய் இறந்த பிறகு ஜஸீலாவுக்குத்தான் போன் பண்ணி, "அக்கா, அம்மா சிரிச்ச படம் ஒண்ணு கீதா?" என்று கேட்பார்கள். இருக்கும். தேடி எடுத்து அனுப்புவாள். அனுப்பிவிட்டு, அந்தக் கல்யாணத்தில் யார் வீட்டுப் பாயில் தான் வழுக்கி விழுந்தோம், எந்தப் பிள்ளை ஃப்ளாஷ் வெளிச்சத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒளிந்த பிள்ளைதான் சுராயாவின் மகள் அஸ்பியா. அன்றைக்குப் பத்து வயது. இப்போது அவளுக்கே கல்யாணம். சனிக்கிழமை மருதாணி, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். இந்த நேரம் பார்த்துத்தான் லென்ஸ் நின்றது.

கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தினகரன்தான் கை கொடுத்தான். மீனவர் குப்பத்துப் பையன், ஆண்கள் பக்கம் எடுப்பவன். யாரோ விற்ற இரண்டு லென்ஸ்கள் அவனிடம் இருந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

"யக்கா, இது பதினேழு–ஐம்பது. கண்ணு பெருசு. டியூப் லைட் ஒண்ணு இருந்தாலும் போதும், ஃப்ளாஷே வேணாம். ஆனா ஐம்பதோட சரி, கிட்டக்கத்தான் போகணும். இது பதினெட்டு–நூத்தி முப்பத்தஞ்சு. வெளிச்சம் கொஞ்சம் வேணும், ஆனா எட்டும் பாரு, அம்மாடி! மூலையில நாற்காலி போட்டு குந்திக்கினு ஊரையே எடுக்கலாம். உன் முட்டி வலிக்கு இதான் மருந்து."

"ரெண்டுல எது நல்லதுடா?"

"ரெண்டும் நல்லதுதான். எடுத்துனு போய் பாரு. திங்கக்கெழம பொன்னேரியிலேர்ந்து ஒர்த்தர் வர்றாரு. உனுக்கு வேணாங்கறத அவருக்குக் குடுத்துடறேன்."

சுஹைல் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னான்: "நூத்தி முப்பத்தஞ்ச எடு. ஒருத்தியும் உன்ன மிதிக்க மாட்டா, நீயும் யாரையும் மிதிக்க மாட்ட."

மருதாணி சனிக்கிழமை மதியம். சுராயா வீட்டு முற்றத்தில் நல்ல வெயில். ஜஸீலா நீள லென்ஸை மாட்டிக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் கல்யாண வீட்டில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வளையத்தைத் திருப்பினால் முற்றத்துக்கு அந்தக் கோடியில் இருக்கும் விரல் நுனி கண்ணெதிரே வந்து நின்றது. மருதாணிக் கூம்பு, அஸ்பியாவின் உள்ளங்கை, யாரோ ஒருத்தியின் கொட்டாவி, பாயசக் கிண்ணத்தில் ஈ. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. முக்காட்டை இழுக்கவில்லை, மூக்குத்தி கேட்கவில்லை. இத்தனை நாள் எவ்வளவு விட்டுவிட்டோம் என்று அவளுக்கு ஆசை ஏறியது. முந்நூறு படம் எடுத்தாள். அதில் ஒரு படம் சுராயாவுடையது. முற்றத்தைத் தாண்டி, உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடைவெளியில் எடுத்தது. எடுத்த உடனே ஜஸீலாவுக்குத் தெரிந்துவிட்டது, தன் வாழ்நாளில் இதைவிட நல்ல படம் எடுத்ததில்லை என்று.

சாயங்காலம் வழக்கம்போல எல்லோரும் கேமராவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜஸீலா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். சுராயாவின் படம் வந்தபோது பெருமையாக அதை அவள் மடிக்கு நேரே நீட்டினாள்.

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று இங்கே சொல்லப்போவதில்லை. யார் கேட்டாலும் சொல்லப்போவதில்லை. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று ஒரு பெண் நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

சுராயா திட்டவில்லை.

"நீ எங்க இருந்த?"

"ஜன்னலாண்ட, மாமி."

"நான் உன்ன பாக்கலியே."

ஜஸீலா கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழிச்சிடு" என்றாள் சுராயா.

அழித்தாள். அதற்குள் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுராயாவின் பழைய சிநேகிதி காசியம்மாள், குப்பத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்தவள், இறால் கூடையோடு இந்தத் தெருவுக்கு முப்பது வருஷமாக வருகிறவள், எட்டிப் பார்த்தாள்.

"ஏ ஜஸீலா, என்னியும் எட்டி எடுத்துட்டியா? நான் கிண்ணத்த நக்குனனே, அது கீதா?"

இருந்தது.

"அடிப்பாவி! அழி அத!"

எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே நெருங்கி வந்தார்கள். என்னை எடுத்தியா, என்னை எடுத்தியா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், தூங்கியவள், மருமகளைப் பற்றிக் காதில் ஓதிக்கொண்டிருந்தவள் எல்லோரும் அழிக்கச் சொன்னார்கள். முந்நூறில் நாற்பது மிஞ்சியது. அது பெரிதில்லை. அவள் எழுந்து கேமராவைப் பைக்குள் வைக்கும்போது, அந்த அசைவுக்கே நாலு பேர் முக்காட்டை இறுக்கினார்கள். கேமராவைப் பார்த்து அவர்கள் பயந்து அவள் கண்டதில்லை. முதன்முதலாக எடுத்த அந்த நாத்தனார் கல்யாணத்தில்கூட அது கூச்சம்தான், பயமில்லை. இந்த வீட்டில் நம்பிக்கை போனால் தெருவில் போய்விடும், தெருவில் போனால் ஊரில் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். திரைக்கு இந்தப் பக்கம் இனி அவளை விடுவார்களா?

வீட்டுக்கு வந்ததும் முகம் தெரியாத மருதாணிக் கைப் படங்களை மட்டும் ஜஸீலா சுஹைலுக்குக் காட்டினாள்.

"சூப்பரா கீது. நான் சொன்னேன்ல? ஏன் இவ்ளோ கொஞ்சமா கீது?"

"அழிச்சுட்டேன்."

"ஏன்?"

"பொம்பளைங்க சமாச்சாரம்."

கொஞ்ச நேரத்தில் அஸ்பியா போன் பண்ணினாள். "அக்கா, நாளைக்கு வருவீங்கல்ல?"

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வராதன்னும் சொல்லல" என்றாள்.

ஜஸீலா நீள லென்ஸைக் கழற்றி உறையில் போட்டாள். பதினேழு–ஐம்பதை மாட்டினாள். பழைய லென்ஸைவிடக் கனம். வளையம் எதிர்ப்பக்கம் சுற்றியது. பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் விரல் ஒரு பக்கம் போக, லென்ஸ் மறுபக்கம் போனது. புதுச் சம்பந்தி போல முறைத்துக்கொண்டு நின்றது அது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவள் நுழைந்ததும் எல்லோர் கண்ணும் கேமராவுக்குப் போனது. அவள் நாற்காலி தேடவில்லை. கேமராவை எல்லோருக்கும் தெரியும்படி வயிற்றுக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு கூடத்து நடுவில் நின்றாள். காசியம்மாள்தான் முதலில் கூப்பிட்டாள்.

"வாடி, வந்து இப்டி நேரா எடு. இன்னிக்கு வாய தொடச்சுனு வந்து கீறேன்."

போய்க் குனிந்து எடுத்தாள். அடுத்தவளிடம் போனாள். "எடுக்கட்டுமா?" அவள் தலையசைத்தாள், சிரிக்கவில்லை. அதற்கடுத்தவள் வேண்டாமென்று கை காட்டினாள். "சரி மாமி" என்று நகர்ந்தாள். முட்டி வலித்தது. ஒரு பாயைச் சுற்றி வருவதற்குள் அரை மணி நேரம் ஆனது. மடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தையை ஃப்ளாஷ் இல்லாமல், ஒரு முழ தூரத்தில் நின்று எடுத்தாள். பிள்ளை அசையவில்லை. தாய் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். "எனக்கும் இப்டி ஒண்ணு எடு" என்றாள் அவள்.

சுராயா மட்டும் நிற்கவே இல்லை. ஜஸீலாவைத் தாண்டி மூன்று தடவை போனாள். ஒரு தடவை தட்டோடு, ஒரு தடவை தண்ணீர்ச் செம்போடு, ஒரு தடவை வெறும் கையோடு. ஜஸீலா கேட்கவில்லை, நகரவும் இல்லை. நாலாவது தடவை சுராயா நின்றாள்.

"இன்னாடி மரம் மாதிரி நிக்கற? பொண்ணு தலையில பூ அவுந்து கீது, வந்து புடி."

இரண்டு பேரும் அஸ்பியாவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். சுராயா பூச்சரத்தைத் தூக்கிப் பிடிக்க, ஜஸீலா ஊசி குத்தினாள். கேமரா நடுவில் ஆடி அஸ்பியாவின் தோளில் இடித்தது. "யக்கா, அத ஓரமா வைங்களேன்" என்றாள் கல்யாணப் பெண். "அது ஓரமா இருந்தா தப்பு, நடுவுலயே இருக்கட்டும்" என்றாள் சுராயா.

ஊசி நின்றதும் சுராயா முக்காட்டைச் சரி செய்தாள், மகளின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் ஜஸீலா வளையத்தை இருபத்து நாலுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. இந்தத் தடவை விரல் சரியான பக்கம் போனது.

சாயங்காலம் சுற்றி உட்கார்ந்து பார்த்தபோது ஒரே ஒரு படத்தைத்தான் அழிக்கச் சொன்னார்கள். அதுவும் காசியம்மாளுடையது. பல் பெரிதாகத் தெரிகிறதாம். கிட்டத்தில் நின்று எடுத்தால் அப்படித்தான் தெரியும், அது லென்ஸ் குணம் என்று ஜஸீலா சொல்லிப் பார்த்தாள். "லென்ஸுக்கு கொணம் இருக்கட்டும், எனுக்கு பல்லு வேணாம்" என்றாள் காசியம்மாள்.

திங்கட்கிழமை ஜஸீலா கேமராவோடு நீள லென்ஸையும் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். பொன்னேரிக்காரர் இன்னும் வரவில்லை. தினகரன் உறையைத் திறந்து பார்த்துவிட்டு நம்பாமல் கேட்டான்.

"இதையா வேணாங்கற? யக்கா, இதுக்கு இன்னா கொற?"

ஜஸீலா வாயைத் திறந்தாள். காரணத்தைச் சொன்னால் அந்தப் படத்தைச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னாலும் காட்டினதுதான். அதுவும் திரைக்கு அந்தப் பக்கத்து ஆளுக்கு.

"கனம் ஜாஸ்தி" என்றாள்.

தினகரன் கேமராவில் இருந்த லென்ஸைக் கழற்றி, இரண்டையும் ஒவ்வொரு கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். "நீ வெச்சுக்கறதுதான்க்கா கனம்! இது லேசு."

"எனக்கு ஒத்து வரல, விடுடா."

"அந்தாளு கேட்டா நான் இன்னா சொல்றது? ஒர்த்தி எடுத்துனு போய் ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துட்டான்னா சந்தேகப்பட மாட்டாரா?"

"நல்ல லென்ஸுன்னு சொல்லு" என்றாள் ஜஸீலா. "நான் சொன்னேன்னே சொல்லு. நல்லாத்தான் எடுக்குது."