நேராகிப்போன கை

கேளம்பாக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருக்கிற பியானோ வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். சாலையின் ஹாரன் சத்தம் வரக் கூடாது என்று ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரு கண்ணாடிக் கதவுதான். அதற்கு வெளியே நாற்காலி போட்டு முதலாளி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என்னிடம் கற்பவர்களில் பால்பல் விழாத சிறுமி இருக்கிறாள், ஐடியில் வேலை பார்க்கிற பெண் இருக்கிறார், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் இருக்கிறார். நான் படித்தது ஐந்தாவது வரை. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கப் போன இடத்தில், வரவேற்பறை பியானோவில் தடவித் தடவி ஜாஸ் கற்றுக்கொண்டேன். நோட்டு பார்த்து வாசிப்பது பிறகு வந்தது. பியானோவுக்கான கிரேடு பரீட்சையில் தேறிய சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. பரீட்சைக்கு மாணவர்களை அனுப்பும்போது ஆசிரியர் என்று முதலாளியின் பெயர்தான் போகும். வேறு எந்த வகுப்பிலும் என்னை எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் என்னுடையது. திருப்போரூர் வழியாகப் பஸ் பிடித்து அதே ரிசார்ட்டுக்குப் போய் ஜாஸ் வாசிப்பேன். பகலில் கம்பெனி வண்டி ஓட்டுகிற ஒருவன் கூடவே பேஸ் கிட்டார் வாசிப்பான். சாப்பிட வந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டும். யாராவது உற்றுப் பார்த்தால் எனக்குக் கை ஓடாது.

பரீட்சை நெருங்கியபோது முதலாளி எல்லோரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சிறுமி தொடங்கினாள். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று போகப் போக அவர் முகம் மாறியது.

"இன்னா மாஸ்டர் இது? அத்தனையும் நொண்டிகினு வாசிக்குதுங்க!"

"எனக்கு முட்டி தேய்ஞ்சுபோச்சு சார். அதான் பாட்டும் நொண்டுது" என்றார் பெரியவர். பிள்ளைகள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜாஸில் சமமாக எழுதியிருக்கிற இரண்டு சுரங்களைச் சமமாக வாசிப்பதில்லை. முதலாவதைக் கொஞ்சம் இழுத்து, அடுத்ததைக் குறுக்குவோம். அந்த ஆட்டம்தான் அதற்கு உயிர். பரீட்சைப் பாட்டில் அது தப்பு. நான் வாசித்துக் காட்டியதைப் பார்த்துத்தான் எல்லோரும் கற்றார்கள். அந்தப் பாட்டிலும் என் கை ஆடியிருக்கிறது, எனக்கே தெரியாமல்.

"இனிமே மெட்ரோனோம் இல்லாம ஒருத்தரும் கட்டையத் தொடக் கூடாது. நீங்களும்தான் மாஸ்டர். அந்த ஓட்டல் வாசிப்பையும் வுட்டுடுங்க. அது கையில ஒட்டிகினு வருது."

தலையாட்டினேன். ஆனால் பேஸ் வாசிக்கிறவன் போன் செய்து, "சனிக்கிழமை வந்துருவ இல்ல?" என்று கேட்டபோது அவனிடமும் சரி என்றேன். யாரிடமும் முடியாது என்று சொல்ல எனக்கு வராது.

முதலாளிக்குத் தெரியாமல் ரிசார்ட்டுக்குப் போய்வந்தேன். வகுப்பில் காலையிலிருந்து இரவு வரை, தாளக் கணக்குப் பிசகாமலிருக்க வைக்கிற அந்த மெட்ரோனோம் பெட்டி டக் டக் என்று அடிக்கும். அதே மூன்று பாட்டு. பெரியவர் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. சிறுமி பிசகினால் மறுபடி முதலிலிருந்து. சாப்பிடும்போது என் தாடை அந்தக் கணக்குக்கு அசைவதை மனைவி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சோறு துன்றியா, மிசின் ஓட்றியா?"

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை ரிசார்ட்டில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷமாக வாசிக்கிற பாட்டுதான். ஒரு சுற்று முடிவதற்குள் பேஸ்காரன் என் பக்கம் குனிந்தான்.

"இன்னா அண்ணாத்த, பரேடு போறியா?"

கையை ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. வேண்டுமென்று இழுத்தேன், அது வேண்டுமென்று இழுத்த மாதிரியே கேட்டது. உள்ளே டக் டக் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டும் அப்படியே. இடைவேளையில் சமையல்கட்டுப் பக்கம் நின்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பரீட்சை முடியட்டும். தானா சரியாப் பூடும்" என்றான்.

நானும் அதைத்தான் நம்பினேன். பரீட்சை முடிந்தால் மெட்ரோனோமை நிறுத்திவிடலாம், கை பழையபடி வந்துவிடும் என்று.

எல்லோரும் தேறினார்கள். பெரியவர் நல்ல மதிப்பெண் வாங்கி, வகுப்புக்கே லட்டு கொண்டுவந்தார். முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்தீங்களா மாஸ்டர்? கூடுவாஞ்சேரிலேந்துகூட போன் பண்றாங்கோ. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பேட்ச் போட்டுட்டேன். அதே மாதிரி, ஸ்ட்ரிக்டா."

வாய் நிறைய லட்டு. அது இல்லாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் புதுப் பிள்ளைகளின் நடுவில் போன் அதிர்ந்தது. கதவுக்கு வெளியே முதலாளி. முதுகைத் திருப்பிக்கொண்டு எடுத்தேன்.

"எங்க கீற? ஆரம்பிக்கப் போறோம்" என்றான் பேஸ்காரன்.

"வர முடியாதுப்பா. எனக்குப் பதிலா யார்னா..."

அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு சொன்னான்: "மேனேஜரு பென் டிரைவு குட்த்துகீறாரு. பியானோ அதுல வரும், நான் கூட வாசிச்சிக்கிறேன். நீ கிளாஸப் பாரு அண்ணாத்த."

சிறுமி ஒருத்தி மெட்ரோனோமின் பொத்தானைக் காட்டி, "ஆன் பண்ணட்டா மாஸ்டர்?" என்றாள். பண்ணச் சொன்னேன்.