பம்புக்கடை வீட்டு மருமகள்

நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லையா, கூப்பிடு பம்புக்கடைக்காரரை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கிரீஸ் கையோடு வேலை பழகி, சொந்தக் கடை, சொந்த வீடு என்று நிமிர்ந்தவர். சும்மாவா! அவர் கைவைத்து ஏறாத தண்ணீர் கிடையாது.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு வந்த மருமகள், நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்காகச் செயற்கை நுரையீரல் வடிவமைக்கிறவள். வந்த புதிதிலேயே மாமனார் உரிமையோடு கேட்டார்.

“எத்தனை ஹெச்.பி. பம்பும்மா போடுறீங்க?”

“பம்பே கிடையாது மாமா. நோயாளியோட இதயமே தள்ளணும்.”

அவருக்குச் சுருக்கென்றது. “பம்பு இல்லாம எதும்மா ஓடும்?”

“ரத்தம் தண்ணி இல்லையே மாமா. முரட்டுத்தனமாத் தள்ளினா அணுவெல்லாம் உடைஞ்சிடும். போற வழிய லேசாக்கணும்.”

வழியை லேசாக்குவது லேசுப்பட்ட காரியமா? கைக்கு அடக்கமான கண்ணாடிப் பெட்டிக்குள் முடி போன்ற குழல்கள் ஆயிரக்கணக்கில். குழலுக்குள்ளே காற்று, வெளியே ரத்தம். நெருக்கி அடுக்கினால் ரத்தத்துக்கு வழி அடைபடும். தளர்த்தினால் காற்றை வாங்காமலே நழுவிவிடும். இரண்டுக்கும் நடுவில் அவள் மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பார்த்து மாமனாருக்கே மூச்சு முட்டியது.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் கடைசிச் சோதனை. தேறாவிட்டால் பம்பு வைத்த வேறொரு வடிவத்துக்குப் போய்விடுவார்கள்; இவள் பெட்டி பரணுக்குப் போகும். அதனால் சனிக்கிழமை சமையல் மேடையில் ஒத்திகை வைத்தாள். சிவப்புச் சாயம் கலந்த கெட்டித் திரவம் பாட்டிலில், பெட்டிக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. நொந்துபோன இதயத்தின் தெம்பு அவ்வளவுதான் என்பது கணக்கு.

திரவம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மருமகள் முகம் வாடிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் வர, வெளியே போனாள்.

மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. பாட்டிலை எடுத்து மூன்று சாண் உயரத்தில் மாட்டிவிட்டார்.

திரும்பி வந்தவள் துள்ளினாள். “மாமா, ஓடுது!” அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தாள். “பாட்டிலை யாரு ஏத்தினது?”

“அது... கொஞ்சம் லேசா...”

“நோயாளி நெஞ்சுக்குள்ள கைய விட்டு ஏத்திவிடுவீங்களா?”

அடுப்புப் பக்கமிருந்து மாமியார் சொன்னாள்: “ஏத்துவாரும்மா. பில்லும் போடுவாரு.”

மருமகள் சிரிக்கவில்லை. பாட்டிலை இறக்கப் போன கை பாதியில் நின்றது. பெட்டிக்குள் சிவப்பு ஒரே தாரையாகப் பீய்ச்சியடித்து, எதிர்மூலையில் மோதிச் சுழன்றுகொண்டிருந்தது. குழல்களில் பாதி சும்மா கிடந்தன. சொட்டியபோது கண்ணில் படாதது, வேகத்தில் பளிச்சென்று தெரிந்தது.

“குழல்ல குறையில்ல மாமா. உள்ள நுழையுற வாய்தான் குறுகல். அத்தனையும் ஒரே சந்துல முட்டிக்குது.”

ஞாயிறு முழுக்க ஆய்வுக்கூடத்தில் கிடந்து, விசிறி போல விரிந்த வாய் ஒன்றைச் செய்து பொருத்தினாள்.

திங்கட்கிழமை மாமனார் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மருமகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அரை சாணே போதும் மாமா! காத்தையும் குறைவில்லாம வாங்குது. என் பெட்டியையே தேர்ந்தெடுத்துட்டாங்க.”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பம்பெல்லாம் எதுக்குன்னு!”

“யாரு, நீங்களா?” என்றாள் மாமியார்.

மருமகள் சிரித்துக்கொண்டே மாதிரிப் பெட்டியை மேடையில் வைத்து, பாட்டிலை அரை சாண் உயரத்தில் மாட்டினாள். சிவப்பு எல்லாக் குழல்களையும் தடவிக்கொண்டு நிதானமாக இறங்கியது. எத்தனையோ மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றிய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாமனார் பார்த்தபடி நின்றார்.