கிளாக்கர் வீட்டு ஆமைக்குஞ்சுகள்

நமுனுகுலை மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எந்தத் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டிலும் என் பேர் இல்லை. அதற்கு முன் பதுளைக் கடையொன்றில் மூட்டை தூக்கினேன். பண்டாரவளையில் லொறிக்கு முட்டைக்கோவா ஏற்றினேன். எங்கும் நிலைக்கவில்லை. அக்காவை அந்தத் தோட்டத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவின் முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில், சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டேன். பேர் பதிந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் எனக்கென்று ஓர் இடம். கங்காணி என்னைச் செக்ரோல் எழுதும் பெரிய கிளாக்கரிடம் அனுப்பினார்.

கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டுப் பின்புறம், தேயிலை காயவைக்கும் ஸ்டோரின் அடுப்புச் சுவரை ஒட்டிக் கம்பிவலை அடித்து, ஒரு சோடி ஆமை வளர்த்தார். மொனராகலைக் காட்டில் பிடித்தவை. கறுத்த முதுகு முழுக்க மஞ்சள் நட்சத்திரங்கள். பெட்டை குழி தோண்டி முட்டையிட்டு மூடியிருந்தது.

"உதுகளைக் குஞ்சாக்கி வளர்த்துக் காட்டு பாப்பம். உன்ர பேரைப் பதிய நான் தோட்டத்துத் துரையோட கதைக்கிறன்" என்றார்.

ஆமைக்கும் செக்ரோலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. "சரிங்க ஐயா" என்றேன்.

தோட்டத்துப் பள்ளியில் நான் படித்த கொஞ்சத்தில் ஆமை வரவில்லை. எனக்குத் தெரிந்தது கோழிதான். அக்காவின் கோழி அடைக்குக் கிடந்தது. முட்டைகளைத் தோண்டி எடுத்து அதன் அடியில் வைத்தேன். கோழி மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்தது. அலகால் புரட்டிப் புரட்டி அணைத்துக்கொண்டது. கடைசியில் அதற்கே சலித்து எழுந்து போய்விட்டது. உடைத்துப் பார்த்தேன். நாற்றமெடுத்த கலங்கல் தண்ணீர்.

அந்த மாதங்களில் கிடைத்த நாளில் அன்றாடக் கைக்காசுக்கு வேலை செய்தேன். கிடைக்காத நாளில் அக்கா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தந்தாள்.

மழை தொடங்கும் நேரம், அடுப்புச் சுவரோரம் மண் அசைந்தது. என் கைக்குத் தப்பிய முட்டைகள் சில அங்கே கிடந்திருக்கின்றன. பாக்கு அளவில் மூன்று குஞ்சுகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தன. ஆமை முட்டையைப் புரட்டக் கூடாது, கோழிதான் கெடுத்தது என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். அதெல்லாம் இல்லை, சுவரின் சூடுதான் விஷயம் என்றார் இன்னொருவர். நான் பார்த்துக்கொண்டவை அழுகின, பார்க்காமல் விட்டவை பிழைத்தன. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பனியும் மழையும் விடவில்லை. குஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டன. மூக்கில் சின்னச் சின்னக் குமிழி வந்தது. கஞ்சி வைத்தேன், வாழைப்பழம் வைத்தேன், வாய் திறக்கவில்லை.

"வீட்டுக்குள்ள விட என்ர மனுசி சம்மதியாள்" என்றார் கிளாக்கர். "இதுகள் செத்தா உன்ர அலுவலும் சரிவராது, பார்த்துக்கொள்."

ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் வைக்கோல் போட்டு, மூன்றையும் லயத்துக்குத் தூக்கிப்போனேன். அக்கா புருசன் வாசலை மறித்து நின்றார்.

"என்ன மச்சான் அது? ஆமையா? வீட்டுக்குள்ளயா? ஒன்னய வச்சிருக்கிறது பத்தாதா?"

"சும்மா இருங்க" என்றாள் அக்கா. "ஆமை தானா நடந்து நொழஞ்சாத்தான் வீட்டுக்கு ஆகாது. தூக்கியாந்தா அது சாமான் மாதிரி."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

பெட்டியை அடுப்பின் பக்கத்தில் வைத்தோம். பக்கத்துக் காம்பராக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பாள்: "ஏண்டி, ஒங்க வீட்டு சாமான் கண்ணு முழிச்சிருச்சா?" சிரிப்புச் சத்தம் அடுத்தடுத்த காம்பராவுக்கும் போகும்.

முழித்தும்விட்டன. வல்லாரை இலையைக் கடித்தன. வெயில் எட்டிப்பார்த்த ஒரு நாள் இஸ்தோப்பில் இறக்கிவிட்டு, விறகு பிளக்கப் போய்த் திரும்பினேன். வேலை முடிந்து வந்த அக்கா புருசன் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"அடியே, இங்க வா. ஒன்னோட சாமான் நடந்து போகுது பாரு."

குஞ்சுகளில் சின்னது, சாணி மெழுகிய தரையில் தன் காலாலேயே காம்பராவுக்குள் நுழைந்து அடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அக்கா குனிந்து அதைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"விடிஞ்சா இதுங்க இங்க இருக்கக் கூடாது. நீ இருந்துக்க மச்சான், ஒன்னயச் சொல்லல" என்றார் அவர். குஞ்சுகளையும் என்னையும் எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

காலையில் கிளாக்கரிடம் போனேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா வந்திட்டுதுகள். ஆனா இந்தக் குளிர் தாங்காதுகள். மொனராகலையில என்ர தம்பி இருக்கிறான். கொண்டுபோய்க் குடுத்திட்டு அங்கயே நிண்டு இதுகளை வளர். சாப்பாடு தருவான்."

"பேரு பதியிறதுங்க ஐயா?"

"புதுப் பேர் எடுக்க வேண்டாம் எண்டு துரை சொல்லிப்போட்டார். நான் என்ன செய்ய?"

துரை அதை எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறதா, இருந்த இடமும் போய்விட்டதா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். மலை இறங்க இறங்கக் காற்று சூடாயிற்று. மடியிலிருந்த பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் பேச்சுக் கொடுத்தார். "எந்தத் தோட்டம் தம்பி? பேரு எங்க இருக்கு?"

"இதுலதாங்க" என்று பெட்டியைத் திறந்து அவருக்குக் காட்டினேன்.