கங்காரு குறுக்கே வந்த சாயங்காலம்

என் வீட்டுக்காரர் தில்லைநாதன் கடலூர் - சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் ரோட்டில் என்னதான் குறுக்கே வராது? ஆடு, மாடு, கோழி, குடிகாரன். எது வந்தாலும் ஸ்டியரிங்கை ஒடித்துத் தப்ப வைத்துவிடுவார். ஒரு கன்றுக்குட்டியைக்கூட அவர் வண்டி தொட்டதில்லையாம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

2009இல் மகள் வினோதினியின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்குப் போனோம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான பிள்ளை. எங்கள் உயிரெல்லாம் அதன் மேல்தான். அவளோ ஏழாம் மாதத்தில், பிள்ளை பிறந்துவிட்டால் எங்கேயும் நகர முடியாது, தெற்கே கடலோரமாகச் சுற்றிக் காட்டுகிறேன் என்று காரை எடுத்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. வேண்டாமடி என்றேன், யார் கேட்டார்கள்?

போகிற வழியெல்லாம் ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் புதர்க்காடு. எவ்வளவு தூரம் போனாலும் ஒரு டீக்கடை கிடையாது, ஒரு மனுஷ முகம் கிடையாது. செல்போனில் சிக்னலும் இல்லை. இங்கே ஏதாவது ஆனால் யார் வருவார்கள் என்று பின்சீட்டில் நடராஜரைக் கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவர் முன்சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

பொழுது சாயும் நேரம், புதரிலிருந்து ஒரு கங்காரு ஆள் உயரத்துக்குத் தாவி ரோட்டுக்கு வந்தது. வினோதினி வண்டியைத் திருப்பாமல் நேராகவே பிரேக் போட்டாள். அந்த ஊரில் அப்படித்தான் செய்ய வேண்டுமாம், ஒடித்தால் வண்டி கவிழ்ந்துவிடுமாம். இவருக்கு அது எங்கே தெரியும்? பக்கத்து சீட்டிலிருந்து எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து ஒடித்துவிட்டார். கங்காரு பிழைத்தது. கார் ரோட்டை விட்டிறங்கி, செடிகொடியெல்லாம் முறித்துக்கொண்டு போய் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது.

வினோதினியின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அசைவே தெரியலம்மா.”

“பாவி மனுசா, அந்தச் சீவனக் காப்பாத்தறேன்னு எம்பொண்ணு வயித்துல கை வெச்சிட்டியே” என்று கத்திவிட்டேன். அவரை அப்படி ஒருமையில் பேசியது அன்று ஒருநாள்தான்.

கார் ஓடும் நிலையில்தான் இருந்தது. அப்பா, நீங்கள்தான் ஓட்ட வேண்டும் என்றாள் மகள். அந்த நாட்டு லைசென்ஸ் கிடையாது, கிளட்ச் இல்லாத வண்டி வேறு. அதையெல்லாம் விட, ஸ்டியரிங்கைத் தொடவே அவருக்குக் கை வரவில்லை. அவள் அழுத பிறகுதான் உட்கார்ந்தார். அடுத்த ஊர் ஆஸ்பத்திரி வரைக்கும் நான் அவள் வயிற்றில் கை வைத்தபடியே வந்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கவில்லை. உள்ளே நர்ஸ் மிஷினை வயிற்றில் வைத்துத் தேடினாள், தேடிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது, குதிரை ஓடுகிற மாதிரி.

வெளியே ஓடினேன். எஞ்சினை அணைக்காமல், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னும் சொல்லாத அமிர்தம்,” என்றார். “மொதல்ல இந்தக் கையை எடுத்துவுடு. எனக்கு எடுக்க வரல.”

விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். எல்லாம் விடுபட்ட பிறகுதான், குழந்தைக்கு இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று சொன்னேன். அப்போதுதான் அந்த மனுஷர் அழுதார்.