நான் பூட்டிய குரூப்

பாகூரில் பன்னிரண்டு பெண்களோடு தையல் யூனிட் நடத்துகிறேன். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை வணக்கப் படங்களாகக் குவியவே, எரிச்சலில் நான் மட்டுமே பேசும்படி அதைப் பூட்டிவிட்டேன்.

ஒருநாள் பள்ளிச் சட்டைக்குப் பாக்கெட் வலப்பக்கம் என்று அதில் தவறாகச் சொல்லிவிட்டேன். இருநூறு சட்டைகளையும் அப்படியே தைத்து முடித்திருந்தார்கள்.

"தப்புன்னு தெரியலையா?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சுதுக்கா," என்றாள் மலர், மிஷினிலிருந்து கண்ணெடுக்காமல். "குரூப்பதான் பூட்டிட்டீங்க. நேர்ல வந்தா, சொன்னத செய்யின்னு எரிஞ்சி விழுவீங்க. இன்னா பண்றது?"

அன்றே குரூப்பைத் திறந்து, மன்னிப்பும் கேட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒருத்தியும் எதுவும் எழுதவில்லை.

ஒரு மாதமாகிறது. ஒரு காலை வணக்கப் படமாவது வந்திருக்காதா என்று, எழுந்ததும் போனைத்தான் எடுக்கிறேன்.