ராஜினாமாவை வாங்க மறுத்த லூர்து மேரி

பென்ஷன் வாங்குகிறவன் வருஷத்துக்கு ஒருமுறை விரல் வைத்து, தான் உயிரோடு இருப்பதைச் சொல்ல வேண்டும். அதற்காகப் பாபநாசத்தில் ஓர் இ-சேவை மையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆயுள் முழுக்க ஸ்பானர் பிடித்த கை. ரேகை தேய்ந்துபோய், இயந்திரம் என்னை ஏற்கவில்லை. "ஈரத் துணியில துடைச்சிட்டு வைங்க ஐயா" என்று அங்கிருந்த பெண் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லூர்து மேரியின் மகன். "ஃபிட்டர் மாமா, அம்மா காலையில போயிட்டாங்க. நாளைக்குக் கோயில்ல பூசை வச்சிட்டு அடக்கம்." சரி என்றேன். விரலைத் துடைத்து மறுபடி வைத்தேன். ஏற்றுக்கொண்டது.

அய்யம்பேட்டைக்கு அப்பால் இருந்த எங்கள் அரிசி ஆலையில் நான் ஃபிட்டர். படிப்பு பள்ளியோடு பாதியில் நின்றது. இயந்திரத்தைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டேன். மேரி ஆபீஸில் இருந்தார். வருகைப்பதிவு, சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் அவர் பொறுப்பு. அடக்கத்தன்று பேசியவர்கள் எல்லோரும் அவரைச் சாந்தமானவர் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவரோடு ஒரு நாள் வேலை பார்த்தவர்கூட அப்படிச் சொல்ல மாட்டார். ஆலையில் இருந்தவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

களத்தில் நெல் கிளறுகிற பாக்கியம் நெல் அவிக்கும் தொட்டியருகே வழுக்கி விழுந்து, காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட நாள் எங்கள் ஆட்களுக்கு நினைவிருக்கும். "கையில ஏதாச்சும் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடும்மா" என்றார் முதலாளி. மேரி எழுந்து நின்றார். "மாசாமாசம் அவ சம்பளத்துல பிடிச்சமே ஐயா, அது எதுக்குப் பிடிச்சோம்? பூ வாங்கி வைக்கவா?" அவரே ஆட்டோ பிடித்து பாக்கியத்தை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கால் ஆறும்வரை பாக்கியத்துக்கு இ.எஸ்.ஐ.யிலிருந்து சம்பளத்துக்குப் பதிலாகப் படிக்காசு வந்தது. முதலாளி ஒரு வாரம் மேரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேரி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. 'கணக்கு முடிக்கிறது' என்போம். பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்தால், அல்லது பெண்ணுக்குக் கல்யாணம் கூடினால், ராஜினாமா எழுதிக் கொடுப்பது. இரண்டு மாதம் வீட்டில் இருந்து பி.எஃப். பணத்தையும் அதோடு பென்ஷன் பணத்தையும் மொத்தமாக எடுப்பது. பிறகு அதே ஆலையில், அதே இயந்திரத்தின் முன்னால் புது ஆளாக வந்து நிற்பது. ஊரில் இருப்பவர்களுக்கு இது புத்திசாலித்தனம். முதலாளிக்கோ கொண்டாட்டம், பழைய வருஷங்களுக்கான கிராஜுவிட்டியைப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். பென்ஷனுக்கான சர்வீஸ் மட்டும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அது யார் கண்ணிலும் படவில்லை.

என் மகள் எழிலரசிக்குத் தஞ்சாவூரில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கட்டக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் ராஜினாமாவை எழுதிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். மேரி அதைத் தொடவில்லை.

"எடுத்துட்டுப் போங்க ஃபிட்டர் அண்ணே."

"என் பணம்மா அது. நான் எடுக்குறேன், ஒனக்கு என்ன?"

"படிப்புக்குன்னு பி.எஃப்.லேர்ந்து முன்பணம் எடுக்கலாம், சர்வீஸ் போவாது. மிச்சத்துக்கு எழில் பேர்ல பேங்க்ல லோன் போடுங்க."

"படிக்கப் போற புள்ளைய மொதல் நாளே கடன்காரியாக்கச் சொல்றியா?"

"அவ சம்பாதிச்சு அடைப்பா. நாளைக்கு ஒங்களுக்கு மூட்டு போயி ஒக்காந்தா எந்த பேங்க்ல லோன் குடுப்பான்? போயி கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

"எம் பொண்ணு பாத்துக்குவா."

"பாத்துக்கட்டும். ஆனா அவ பாக்கணும்னு அவ தலையில எழுதி வைக்காதீங்க. அதுவும் கடன்தான்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லோடுமேன்கள் சிரித்தார்கள். நான் முதலாளியிடம் போனேன். அவர் அங்கிருந்தே, "வாங்கிக்கம்மா" என்று குரல் கொடுத்தார். "நீங்களே ஒங்க கையால வாங்கிக்குங்க ஐயா. நான் ரெஜிஸ்டர்ல ஏத்த மாட்டேன்" என்றார் மேரி. வருஷக் கணக்கு தணிக்கைக்குப் போகிற நேரம். மேரி இல்லாமல் அந்த ஆபீஸில் ஒரு காகிதம் அசையாது என்பது முதலாளிக்குத் தெரியும். அவர் அன்றைய செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

கெடு நெருங்கிவிட்டது, எனக்கு வேறு வழியில்லை. முன்பணத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேரி என் மகளைப் பேங்குக்குக் கூட்டிப்போனார். கடன் கிடைத்தது. அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சம்பள நாளில் ஜன்னலருகே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். "வணக்கம் அண்ணே" என்பார், ஒவ்வொரு மாதமும். நான் பதில் சொன்னதில்லை.

எழில் வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்திலிருந்தே பேங்க் பிடிக்கத் தொடங்கியது. அப்போது திருவையாற்றிலிருந்து ஒரு வரன் வந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் கடன் இருப்பதைக் கேள்விப்பட்டுப் பின்வாங்கினார்கள். அன்று நான் மேரியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். பேசாமல் இருந்தவன் அத்தனை காலத்துக்கும் சேர்த்துப் பேசினேன். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். நான் முடிக்கும்வரை மேரி கேட்டார். பிறகு, "படிச்ச கடனைப் பாத்துப் பயந்து ஓடுற வீட்டுக்கு எழில் ஏன் போவணும்? ஓடுனதே நல்லது. மீன் கொழம்பு வச்சிருக்கேன், சாப்டுட்டுத் திட்டுங்க" என்றார். நான் சாப்பிடவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் கடனை என் மகள் எத்தனை ஆசைகளைத் தள்ளிவைத்து அடைத்தாள் என்று எனக்குத் தெரியும். கடன் அடைந்த பிறகுதான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. இந்த விஷயத்தில் மேரி சொன்னதை நான் இன்றும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவர் உயிரோடு இருந்தால் இதை அவர் முகத்துக்கு நேரே சொல்வேன்.

பிறகு ஆலை கை மாறியது. புது முதலாளி வயதானவர்களையெல்லாம் கணக்குத் தீர்த்து அனுப்பினார். கணக்கு முடித்து மறுபடி சேர்ந்த என் நண்பர்கள் கடைசியாகச் சேர்ந்த தேதியைத்தான் காட்ட முடிந்தது. அவர்களில் சிலருக்குப் பென்ஷனுக்கு வேண்டிய வருஷம்கூடத் தேறவில்லை. என்னையும் இடையில் கணக்கு முடித்தவன் என்று அந்த வரிசையில் சேர்த்து வைத்திருந்தார் புது மேனேஜர். அப்போது மேரி ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். யார் சொல்லி அறிந்தாரோ, பஸ் ஏறி வந்துவிட்டார். மேனேஜர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இவரு நடுவுல வேலைய விட்டே போவல சார். ராஜினாமா குடுத்தாரு, நான்தான் வாங்கல. வாங்கியிருந்தா இன்னிக்கு நான் இங்க வர வேண்டிய வேலையே இருந்திருக்காது." பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்து முழு கிராஜுவிட்டிக்கும் செக் எழுதும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும், "இது என் பணம்தான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியாது.

"ஒங்க பணம்தான் அண்ணே. நான் என்ன தர்மமா பண்ணேன்?" என்றார். அதன் பிறகு பஸ் வரும்வரை இருவரும் குறுவை விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

எனக்கு வரும் பென்ஷன் சொல்லிக்கொள்ளும்படியான தொகை இல்லை. அரசாங்கத்தின் மீது எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதை வேறோர் இடத்தில் எழுதுவேன். ஆனால் மாத்திரை வாங்க நான் எழிலுக்குப் போன் செய்ததில்லை. அவளும் மாமியார் வீட்டில் அப்பாவுக்கென்று யாரிடமும் கேட்டு நின்றதில்லை.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒருவர் வந்தார். ஜவுளிக்கடையில் வேலை. மகனுக்கு நர்சிங் சேர்க்கை. கணக்கு முடிக்க ராஜினாமா எழுதித் தரச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். மாட்டேன் என்றேன். முன்பணம் எடுக்கும் வழியைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "ஒங்களுக்கு பென்ஷன் வருது, பேசுறீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வேறு யாரிடமாவது போய் எழுதி வாங்குவதற்குள் அவர் மனைவியைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அதிலிருந்து அவர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

என் சுபாவத்துக்கு, முன்பெல்லாம் ஒருவன் முகம் திருப்பினால் நானும் திருப்பிக்கொள்வேன். இப்போது தினமும் காலையில் அவர் கடைக்குப் போகிற நேரத்தில் வாசலில் நிற்கிறேன். "வணக்கம் தம்பி" என்கிறேன். அவர் பதில் சொல்வதில்லை. மறுநாளும் சொல்கிறேன். லூர்து மேரியிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அதுதான்.